இழை: ஃப்ரீலான்ஸ் ரைட்டர், அனாமலி – தமிழில் என்ன? (வியாழன் மாலைக்குள் வேண்டும்)

நெய்தல் | திங்கள், காலை 7.10

அனைவருக்கும் வணக்கம். சிறுவர் இதழ் ஒன்றுக்காகச் சார்லஸ் ஃபோர்ட் பற்றிய கட்டுரையை மொழிபெயர்க்கிறேன். படிக்கப்போவது பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். முதல் வரியிலேயே நிற்கிறேன்: "ஃபோர்ட் ஒரு ஃப்ரீலான்ஸ் ரைட்டர்; அனாமலிகளைத் தேடித் திரட்டியவர்."

ஆளைத் தெரியாதவர்களுக்கு: 1874இல் நியூயார்க் மாநிலம் ஆல்பனியில் பிறந்தவர். இளம் வயதில் செய்தியாளர், பிறகு ஊர்சுற்றி, பிறகு இதழ்களுக்குச் சிறுகதை விற்று வறுமையில் பிழைத்தவர். நூலகத்தில் உட்கார்ந்து பழைய அறிவியல் இதழ்களையும் செய்தித்தாள்களையும் ஆண்டுக்கணக்கில் புரட்டினார். மீன் மழை, தவளை மழை, செந்நிற மழை, வானில் தெரிந்த ஒளிகள் என்று விளக்கம் கிடைக்காமல் ஒதுக்கப்பட்ட செய்திகளைச் சிறு சீட்டுகளில் பென்சிலால் குறித்துவைத்தார். அப்படிப் பல்லாயிரம் சீட்டுகள். அவற்றிலிருந்து 1919இல் ஒரு நூல் வந்தது. நாவலாசிரியர் தியோடர் டிரைசர்தான் தன் பதிப்பாளரை நெருக்கி அதை வெளியிடச் செய்தவர்.

இரண்டு சொற்கள் வேண்டும்: எந்த இதழையும் சாராமல் எழுதும் ஃப்ரீலான்ஸ் ரைட்டருக்கு ஒன்று, வழக்கமான விளக்கத்தில் அடங்காத அனாமலிக்கு ஒன்று. உதவுங்கள்.

உலைக்களம் | திங்கள், காலை 8.02

'சுதந்திர எழுத்தாளர்', 'விநோதச் செய்திகள்'. பத்திரிகையில் இருபது வருடமாக இப்படித்தான் போடுகிறோம். யாரும் புரியவில்லை என்று கடிதம் எழுதியதில்லை.

வளவன் | திங்கள், காலை 11.45

'சுதந்திரம்' வடசொல். 'விநோதம்' வடசொல், அதோடு அந்த மொழியில் அதற்குப் பொழுதுபோக்கு, களிப்பு என்றே பொருள். விசித்திரம் என்ற பொருளை நாம்தான் ஏற்றினோம். இரண்டையும் விடுங்கள்.

ஃப்ரீலான்ஸ் என்ற சொல் பரவியது வால்டர் ஸ்காட்டின் 1819ஆம் ஆண்டு நாவலால். எந்த அரசனுக்கும் கட்டுப்படாமல் கூலிக்குப் போரிடும் ஈட்டி வீரர்களை அவர் அப்படி அழைத்தார். நமக்கு ஈட்டி எதற்கு? நம்மிடம் இந்தத் தொழிலே இருந்தது. புறநானூறு 47, கோவூர்கிழார்:

"வள்ளியோர்ப் படர்ந்து புள்ளின் போகி
நெடிய என்னாது சுரம்பல கடந்து"

என்று தொடங்கி, "வரிசைக்கு வருந்தும்இப் பரிசில் வாழ்க்கை" என்கிறார். ஓர் அவையோடு நில்லாமல் பறவைபோல் போய், பாடி, பரிசில் என்னும் கொடை பெற்று, சுற்றத்தை உண்பித்து, மதிப்புக்காக வருந்துகிற வாழ்க்கை. இதைவிடத் துல்லியமாக எவர் சொல்ல முடியும்? ஃப்ரீலான்சர் என்றால் பரிசிலர்.

கரிசல் | திங்கள், இரவு 9.20

வளவன் ஐயா, பாட்டு என்னை உலுக்கிவிட்டது. அந்தப் பாட்டுப் பிறந்த சூழலும் பொருத்தம். சோழன் நலங்கிள்ளியிடமிருந்து அவன் பகைவன் நெடுங்கிள்ளியின் உறையூருக்கு வந்த இளந்தத்தன் என்ற புலவரை ஒற்றன் என்று எண்ணி அவன் கொல்லப் போனபோது தடுத்துப் பாடியது. எவரையும் சாராமல் எழுதுகிறவர்மேல் விழுகிற ஐயம் அன்றைக்கும் இருந்திருக்கிறது.

ஆனால் நான் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறேன். 'பரிசிலர்' என்று எழுதினால் பாதிப் பிள்ளைகள் பரிசு வாங்கியவர் என்பார்கள். மீதிப் பேர் ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறவர் என்பார்கள்.

வளவன் | செவ்வாய், காலை 6.30

பரிசல் என்றும் பரிசில் என்றும் அந்த ஓடத்துக்குப் பெயர் உண்டு, மறுக்கவில்லை. மூங்கிலைப் பின்னித் தோல் போர்த்திய வட்ட ஓடம். எந்தத் திசையும் அதற்கு முன்புறம்தான். எந்தத் துறைக்கும் கட்டுப்படாத எழுத்தாளனுக்கு அதுவும் பொருந்துகிறது. பிள்ளைகள் ஓடம் என்றே முதலில் நினைக்கட்டும், பிறகு ஆசிரியர் சொல்லட்டும். புதுச்சொல் வேறெப்படிப் பழகும்?

பனையடி | செவ்வாய், காலை 7.15

எங்கட பக்கம், யாழ்ப்பாணத்திலயும் கொழும்பிலயும், 'சுயாதீன ஊடகவியலாளர்' எண்டுதான் எழுதுறது. அது வடசொல் எண்டு ஐயா சொல்லுவார், தெரியும். ஆனா இந்தச் சொல்லோட வாழ்ந்த ஆக்கள் இருக்கினம். எங்களுக்கு அது அகராதிச் சொல் மட்டும் இல்லை. கட்டுரையை இலங்கைப் பிள்ளையளும் வாசிப்பினம் எண்டதையும் யோசியுங்கோ.

நெய்தல் | செவ்வாய், மதியம் 1.40

அக்கா, நீங்கள் சொன்னது மனத்தில் இருக்கிறது. 'கட்டற்ற எழுத்தாளர்' என்று வைக்கலாமா என்று பார்த்தேன். கட்டற்ற மென்பொருள், கட்டற்ற கலைக்களஞ்சியம் என்று பழகிவிட்டதால், எழுத்தை இலவசமாகக் கொடுப்பவர் என்று தோன்றிவிடுகிறது.

இன்னொரு சிக்கல். 1916இல் உறவினர் சொத்து கைக்கு வந்த பிறகு ஃபோர்ட் கூலிக்கு எழுதவில்லை. நூலகமே கதி. லண்டனிலும் சில ஆண்டுகள் இருந்து பிரிட்டிஷ் மியூசியத்தில் படித்தார். பரிசில் வேண்டாத ஆளைப் பரிசிலர் எனலாமா?

வளவன் | செவ்வாய், மாலை 4.05

எனலாம், அம்மா. பெருஞ்சித்திரனாரைப் பாருங்கள், புறம் 208. அதியமான் நேரில் காணாமல் பொருளைக் கொடுத்தனுப்பினான். "காணாது ஈத்த இப்பொருட்கு யானோர் வாணிகப் பரிசிலன் அல்லேன்" என்று மறுத்தார். வாணிகப் பரிசிலன் வேறு, பரிசிலன் வேறு.

உலைக்களம் | செவ்வாய், மாலை 4.31

ஐயா, வியாழன் மாலை அச்சுக்குப் போகிறது. இரண்டாவது சொல்லுக்கு யாராவது வாருங்கள்.

கரிசல் | செவ்வாய், இரவு 10.10

அனாமலிக்கு 'முரண்' போதாது. நீர் நான்கு டிகிரி செல்சியஸில்தான் மிக அடர்த்தி. அதற்குக் கீழே குளிர்ந்தால் விரிகிறது. வகுப்பில் அதை முரண்பட்ட விரிவு என்கிறோம், காரணமும் சொல்லிவிடுகிறோம். ஃபோர்ட் சேர்த்தவை காரணம் சொல்லப்படாமல் தள்ளப்பட்டவை.

கேரளத்துச் செந்நிற மழையை எடுத்துக்கொள்ளுங்கள். 2001 ஜூலையில் தொடங்கி செப்டம்பர் வரை விட்டுவிட்டுப் பெய்தது. அரசு செய்வித்த ஆய்வில் ட்ரென்டிபோலியா என்ற பாசியின் நுண்வித்துகளே நிறத்துக்குக் காரணம் என்றார்கள். கோட்டயத்து இயற்பியலாளர் இருவர் வால்விண்மீனிலிருந்து வந்த செல்களாக இருக்கலாம் என்று கட்டுரை எழுதினார்கள். ஃபோர்ட் இருந்திருந்தால் இரண்டையும் இரண்டு சீட்டில் எழுதி ஒரே பெட்டியில் போட்டிருப்பார். பிள்ளைகளுக்கு நான் கொடுக்க நினைப்பது அந்தப் பெட்டியைத்தான். முடிவு தெரியாததை எறிந்துவிடாமல் வைத்திருக்கும் பழக்கம். சொல்லும் அதைச் சொல்ல வேண்டும்.

அதனால் என் பரிந்துரை: புறனடை.

வளவன் | புதன், காலை 5.50

தம்பி, இரவெல்லாம் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். விதிவிலக்கு என்றால் விதி வென்றுவிட்டது. புறனடை அப்படியன்று. தொல்காப்பியர் இயல்தோறும் சொல்லி வந்து, சொன்னவற்றுள் அடங்காதவற்றுக்கும் கடைசியில் ஒரு நூற்பா வைத்து இடம் விடுகிறார். அடங்காததைத் துரத்தாத இலக்கணம் அது. என் 'மருட்கை'யைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

பனையடி | புதன், காலை 6.40

ஐயா, மருட்கையை நீங்கள் இன்னும் சொல்லவே இல்லையே!

வளவன் | புதன், காலை 7.05

எழுதி அனுப்பாமல் வைத்திருந்தேன். தொல்காப்பியத்தில் உணர்ச்சிகளைச் சொல்லும் மெய்ப்பாட்டியலில் "புதுமை பெருமை சிறுமை ஆக்கமொடு மதிமை சாலா மருட்கை நான்கே" என்று வருகிறது. வியப்புக்கு நான்கு காரணம். அவற்றுள் சிறுமையும் ஒன்று. சீட்டில் அடங்கும் சிறு செய்தி ஏன் நம்மை வியக்கவைக்கிறது என்பதற்கு அதில் விடை இருக்கிறது.

உலைக்களம் | புதன், காலை 9.30

சிறுமை என்றால் 'துணுக்கு' இருக்கிறதே. வாசகர் நாவில் இருக்கும் சொல். அகராதியில் துணுக்கு என்றால் சிறு துண்டு, அச்சம் இரண்டும் உண்டு. துணுக்குற்றான் என்கிறோம். சிறிதாக இருந்து திடுக்கிடவைப்பது துணுக்கு. புறனடை என்ற சொல் தமிழ் இலக்கியம் படித்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

கரிசல் | புதன், காலை 10.15

துணுக்கு என்றால் படித்து மறப்பது என்றாகிவிட்டது. பக்கத்தில் இடம் மிஞ்சினால் போடுவது. இந்த மனிதர் பார்வை மங்கும்வரை படித்துச் சேர்த்ததை அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பனையடி | புதன், மாலை 3.20

எனக்குத் துணுக்குத்தான் சரி. சொல் இறங்கிப்போனா நாங்கள்தான் தூக்கி நிறுத்த வேணும்.

நெய்தல் | வியாழன், மாலை 5.15

அனுப்பிவிட்டேன். "ஃபோர்ட் எந்த இதழையும் சாராமல் தனித்து எழுதியவர், அறிவியல் ஒதுக்கிவைத்த விந்தைத் துணுக்குகளைத் திரட்டியவர்." முதல் பாதியில் சொல்லே ஆக்கவில்லை, விரித்து எழுதிவிட்டேன். துணுக்குக்கு நான்கு பேர் ஆதரவு, தனிமடலில் வந்தவர்களையும் சேர்த்து. கரிசல் தம்பி மன்னிக்க வேண்டும்.

கரிசல் | வியாழன், இரவு 8.50

மன்னிக்க ஒன்றுமில்லை அக்கா. ஆனால் நான் உடன்படவில்லை என்பது இழையில் இருக்கட்டும். நாளை வகுப்பில் ஓர் அட்டைப்பெட்டி வைக்கிறேன். 'புறனடை' என்று எழுதி ஒட்டியாயிற்று.

வளவன் | வெள்ளி, காலை 5.40

தம்பி, பெட்டியில் விழும் முதல் சீட்டை இங்கே எழுதுங்கள். நெய்தல் அம்மா, ஒரு பொருள் ஓரிடத்தில் மறைந்து வேறிடத்தில் தோன்றுவதைக் குறிக்கும் டெலிபோர்ட்டேஷன் என்ற சொல்லைப் படைத்தவரும் இதே ஃபோர்ட்தான், 1931இல். 'தொலைபெயர்ப்பு' என்கிறார்கள், எனக்கு நிறைவில்லை. தனி இழை தொடங்குகிறேன்.