முதிரைக் கிண்ணத்துக்குச் சப்பாத்துப் பொலிஷ் பூசலாமா?

சுன்னாகத்தான்: லேத்தில் கடைந்த முதிரை மரக் கிண்ணத்துக்கு நிறமில்லாத சப்பாத்துப் பொலிஷ் தேய்த்தேன். வார்னிஷை விட நல்ல மினுக்கம். தூரிகைக் கோடு இல்லை, காயும்வரை தூசிக்குப் பயப்படவும் தேவையில்லை. டப்பாவுக்குள் இருப்பதும் மெழுகுதானே, ஏன் எல்லோரும் முகம் சுளிக்கிறீர்கள்?

நல்லூர்_உளி: மெழுகு மட்டுமில்லை, தம்பி. மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறுவது டேர்பன்டைன், இல்லாவிட்டால் பெற்றோலியக் கரைப்பான். பம்பரத்துக்கோ கட்டில் காலுக்கோ பூசுங்கள், நான் குறுக்கே நிற்கமாட்டேன். சாப்பாடு போடும் கிண்ணத்துக்குத் தேன்மெழுகும் தேங்காய் எண்ணெயும் போதும்.

சுன்னாகத்தான்: கரைப்பான் பறந்துவிடும் அண்ணை. தேங்காய் எண்ணெய்தான் பறக்கவும் மாட்டாது, காயவும் மாட்டாது. ஆளிவிதை எண்ணெய் காற்றுப்பட்டு இறுகும், இது மரத்துக்குள் எண்ணெயாகவே கிடந்து காறிப்போகும். தேன்மெழுகு 62–64 செல்சியஸில் உருகிவிடும். சுடச்சுடச் சொதி ஊற்றினால் என்ன மிஞ்சும்? பொலிஷில் சேர்க்கிற கார்னவ்பா மெழுகு 80 தாண்டியும் தாங்கும்.

நல்லூர்_உளி: அப்படியென்றால் கார்னவ்பாவைத் தனியாக வாங்குங்கள். அது பிரேசிலில் ஒரு பனை வகையின் ஓலையில் படியும் மெழுகு. தனியே பூசினால் வெடித்து உதிரும், தேன்மெழுகோடு உருக்கிச் சேர்க்க வேண்டும். டப்பாவில் வருவது தோலுக்காகச் செய்தது, உள்ளே வேறு என்ன கலந்திருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மானிப்பாய்_கடைசல்: இரண்டு பேரும் அரக்கை மறந்துவிட்டீர்கள். கர்நாடகாவில் இருக்கும் சென்னபட்டணத்துப் பொம்மைக்காரர் தூரிகையைத் தொடுவதே இல்லை. சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்துவார்கள், உராய்வுச் சூட்டிலேயே அது உருகிப் பிடித்துக்கொள்ளும். பிறகு தாழை ஓலையால் அழுத்தி மினுக்குவார்கள். நான் தாழைக்குப் பதில் காய்ந்த பனையோலையை விரலகல நறுக்காக வெட்டி, அதன் பளபளப்பான பக்கத்தை மரத்தில் வைத்துப் பிடிக்கிறேன். முதலில் ஓலை கீச்சிடும். சூடு ஏறியதும் சத்தம் அடங்கும், மங்கலாக இருந்த அரக்கில் சன்னல் தெரியும். ஓலை இல்லாத நாளில் அதே மரத்தின் சீவலை ஒரு பிடி அள்ளி அழுத்தினாலும் மினுங்கும். துணியை மட்டும் விரலில் சுற்றாதீர்கள், லேத் பிடித்திழுத்தால் விரலும் போகும். கடதாசியென்றால் கிழிந்துவிடும், விரல் தப்பும்.

நல்லூர்_உளி: ஓலை விசயம் அருமை, நாளைக்கே செய்து பார்ப்பேன். ஆனால் அரக்குக்குச் சூடும் ஆகாது, மதுசாரமும் ஆகாது. தேநீர்க் கோப்பையை வைத்தாலே வெள்ளை வளையம் விழும். குமிழுக்கும் பம்பரத்துக்கும் அதைவிட நல்லது கிடையாது, கிண்ணத்துக்கு வேண்டாம்.

சுன்னாகத்தான்: சரி, சாப்பாட்டுக் கிண்ணத்துக்குப் பொலிஷ் வேண்டாம். தேங்காய் எண்ணெயை மட்டும் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். சமையலுக்கு விற்கும் ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகப் பூசி, வாரக்கணக்கில் காயவிட்டு, மேலே மெழுகு பிடிப்பதே என் வழி. ஹார்ட்வெயார் கடையில் லின்சீட் என்று விற்கும் ஆளிவிதை எண்ணெயை வாங்காதீர்கள், சீக்கிரம் காய உலோக உப்புச் சேர்த்திருப்பார்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியவும் வேண்டாம், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துப் போடுங்கள்.