ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்து போட்டதால் நமக்கு என்ன பயன்?

கயல்_ஈரோடு:
வணக்கம். ஒரு ஏற்றுமதி கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். போன வாரம் எங்களுக்குப் பணியிடப் பாலியல் தொல்லை தடுப்புச் சட்டம் பற்றி ஒரு வகுப்பு நடந்தது. வகுப்பெடுத்த அம்மா, "இந்தச் சட்டத்துக்கு வேர் ஐ.நா.வின் சீடா உடன்படிக்கை" என்று ஒரு வரி சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். சாப்பாட்டு நேரத்தில் சீனியர் ஒருவர், "அதெல்லாம் ஜெனீவாவில் உட்கார்ந்து பேசுவது, இங்கே ஒன்றும் நடக்காது" என்றார். முன்பு வேலை பார்த்த இடத்தில் எனக்கே தொல்லை இருந்தது, யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல் வேலையை விட்டுவிட்டு வந்தேன். அதனால்தான் கேட்கிறேன், அந்த உடன்படிக்கையால் இங்கே ஏதாவது நடந்திருக்கிறதா?

வக்கீல்_மதுரை:
நடந்திருக்கிறது கயல். சீடா என்பது பெண்களுக்கு எதிரான எல்லாப் பாகுபாட்டையும் ஒழிப்பதற்கான உடன்படிக்கை. அதை ஐ.நா. பொதுச்சபை 1979-இல் ஏற்றது, இந்தியா 1980-இல் கையெழுத்திட்டு 1993-இல்தான் உறுதி செய்தது, அதாவது அதற்குக் கட்டுப்படுவதாக முறைப்படி ஏற்றது. நம் நாட்டில் ஒப்பந்தம் தானாகச் சட்டமாகிவிடாது, நாடாளுமன்றம் தனியாகச் சட்டம் போட வேண்டும். உங்கள் சீனியர் சொல்வதில் அந்த அளவுக்கு உண்மை உண்டு.

ஆனால் 1997-இல் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னபோது, வேலை செய்யும் இடத்தில் நடக்கும் பாலியல் தொல்லைக்கென்று தனிச்சட்டம் எதுவுமே இல்லை. நீதிபதி வர்மா தலைமையிலான அமர்வு என்ன செய்தது என்றால், சமத்துவம், பாகுபாடின்மை, தொழில் செய்யும் சுதந்திரம், உயிர்வாழும் உரிமை பற்றிய அரசியல் சாசனத்தின் 14, 15, 19, 21 பிரிவுகளை எடுத்துக்கொண்டு, உள்நாட்டுச் சட்டம் இல்லாத இடத்தில், அந்த உரிமைகளோடு முரண்படாத சர்வதேச உடன்படிக்கையை வைத்து அவற்றுக்குப் பொருள் சொல்லலாம் என்றது. வேலையில் சமத்துவம் பேசும் சீடாவின் 11-ஆம் பிரிவும், பாலியல் தொல்லையும் பாகுபாடுதான் என்று, உடன்படிக்கையைக் கண்காணிக்கும் சீடா குழு 1992-இல் தந்த 19-ஆவது பொதுப் பரிந்துரையும் அப்படித்தான் தீர்ப்புக்குள் வந்தன. புகார்க் குழு வேண்டும், அதற்குப் பெண் தலைமை வேண்டும், வெளியாள் ஒருவர் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அன்று வந்த வழிகாட்டுதல்கள். சட்டம் வர மேலும் 16 வருடம் ஆனது, 2013.

இன்னொன்றும் சொல்கிறேன். சீடாவை உறுதி செய்யும்போதே இந்தியா, அந்த உடன்படிக்கை கேட்கிறபடி திருமணப் பதிவைக் கட்டாயமாக்குவது இவ்வளவு பெரிய நாட்டில் நடைமுறைக்கு ஒத்துவராது என்று எழுதிக் கொடுத்தது. 2006-இல் சீமா வழக்கில் உச்ச நீதிமன்றம், எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்ய வேண்டும் என்று மாநிலங்களுக்கு உத்தரவு போட்டது. தமிழ்நாட்டில் 2009-இல் சட்டமே வந்துவிட்டது. ஜீவனாம்சத்துக்காக என்னிடம் வரும் பெண்களிடம் நான் முதலில் கேட்பது அந்தச் சான்றிதழைத்தான். அது கையில் இருந்தால், "கல்யாணமே ஆகவில்லை" என்று எதிர்த்தரப்பு எளிதில் சொல்ல முடியாது.

செல்வி_சங்கம்:
வக்கீல் சார் சொன்னது எல்லாம் சரி, ஆனால் விசாகா என்று சொல்லும்போது அந்த அம்மாவை விட்டுவிடக் கூடாது. ராஜஸ்தானில் பட்டேரி கிராமம். பன்வாரி தேவி, அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் ஊர் ஊழியர். ஒரு வயதுகூட ஆகாத குழந்தைக்கு நடக்கவிருந்த கல்யாணத்தைத் தடுக்கப் போனார், அது அவருடைய வேலை. அதற்காக 1992-இல், வயலில், கணவர் கண் முன்னாலேயே கூட்டாக வன்கொடுமை செய்தார்கள். 1995-இல் கீழ் நீதிமன்றம் எல்லோரையும் வன்கொடுமைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. அவர் பட்ட கொடுமையிலிருந்து எழுந்த வழக்கில் நாட்டுக்கே ஒரு விதி கிடைத்தது, அவருடைய மேல்முறையீடு வருடக்கணக்காகக் கிடந்தது. எனக்கு இதை எழுதும்போதே வயிறு எரிகிறது.

அந்த உடன்படிக்கை தானாக நடந்து வந்து நீதிமன்றக் கதவைத் தட்டவில்லை. பெண்கள் அமைப்புகள் அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதேபோல, வேலை உலகத்தில் வன்முறைக்கு எதிராக சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019-இல் கொண்டுவந்த 190-ஆவது உடன்படிக்கையையும் இந்தியா உறுதி செய்ய வேண்டும் என்று நாங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறோம்.

மாலா_கோவை:
என் அம்மா நாலு வீட்டில் வேலை செய்கிறார். அவருக்கு ஏது கமிட்டி?

வக்கீல்_மதுரை:
அம்மாவுக்கும் உண்டு மாலா. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்கள், வீட்டு வேலை செய்பவர்கள், முதலாளி மீதே புகார் இருப்பவர்கள் எல்லோருக்கும் மாவட்டந்தோறும் உள்ளூர் குழு இருக்க வேண்டும் என்கிறது சட்டம். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் வரை ஏற்பார்கள். எழுத முடியாதவருக்கு எழுத உதவுவது குழுவின் கடமை, அதைக் கேட்டு வாங்குங்கள்.

கயல்_ஈரோடு:
எல்லோருக்கும் நன்றி. செல்வி அக்கா எழுதியதைப் படித்துவிட்டு இரவு சரியாகத் தூக்கம் வரவில்லை. இன்று காலை முதல் வேலையாக எங்கள் ஆபீஸ் நோட்டீஸ் போர்டைப் பார்த்தேன். குழு உறுப்பினர் பட்டியல் லீவு அறிவிப்புக்கு அடியில் பாதி மறைந்து கிடந்தது. அதில் தலைவர் என்று பெயர் போட்டிருக்கும் மேடம் போன வருடமே வேலையை விட்டுப் போய்விட்டார். புதுப் பட்டியல் வேண்டும் என்று எச்.ஆருக்கு மெயில் போட்டிருக்கிறேன், என்னோடு இன்னும் மூன்று பேர் பெயர் சேர்த்திருக்கிறார்கள். பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.