சிப்பிக் காளான் படுக்கை வெள்ளையாகிவிட்டது, மொட்டு மட்டும் வரவில்லையா? புதுச்சேரி, கடலூர் பக்கத்து நான்கு ஊர்களில் காளான் வளர்ப்பவர்கள் சொல்வது:

வில்லியனூர்:
பையில் வைக்கோலை அடைத்துக் காளான் வித்து போட்டதுதான் படுக்கை. வித்து போட்டு 15 முதல் 20 நாளில் காளானின் பூசண இழை பரவி, படுக்கை முழுக்க வெள்ளையாகிவிடும். அதற்குப் பிறகும் மொட்டு கட்டவில்லை என்றால் எல்லோரும் முதலில் எடுப்பது தெளிப்பானைத்தான். நம் கடலோரத்தில் பெரும்பாலும் குறைவது ஈரம் இல்லை, காற்று. பூசண இழை வைக்கோலில் ஓடும்போது கரியமில வாயு தேங்கினாலும் பொறுத்துக்கொள்ளும். மொட்டு கட்டும் நேரத்தில் பொறுக்காது. காலையும் மாலையும் சன்னலைத் திறந்து அறைக்காற்றை முழுக்க மாற்றுங்கள். வெளிச்சமும் வேண்டும்: விளக்கில்லாமல் செய்தித்தாள் படிக்க முடிந்தால் போதும், நேர் வெயில் ஆகாது. காம்பு நீண்டு குடை சின்னதாக வந்தால் இந்த இரண்டில் ஒன்று குறைகிறது என்று அர்த்தம். சன்னலுக்குக் கொசுவலை கட்டாயம். ஈ உள்ளே வந்தால் படுக்கையில் முட்டையிட்டுவிடும், புழு இழையைத் தின்றுவிடும்.

கடலூர் முதுநகர்:
பையை எப்படித் திறக்கிறோம் என்பதும் பருவத்தைப் பொறுத்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பையை முழுக்கக் கிழித்து எடுத்துவிடலாம். ஆனி, ஆடியில் மேல்காற்று காய்ச்சி எடுக்கும்போது அப்படிச் செய்தால் மேல்பரப்பு வறண்டு இறுகிவிடும். அப்போது பையை விட்டுவிட்டு, 4, 5 செ.மீ. அளவில் அங்கங்கே பெருக்கல் குறி போலக் கீறுங்கள்.

ஈரப்பதம் 80 முதல் 90 சதவீதம் வேண்டும். தரையில் மணல் பரப்பி நனையுங்கள், சுவரில் ஈரச் சாக்கு தொங்கவிடுங்கள். மொட்டின் மேல் நேராகத் தண்ணீர் படக்கூடாது. மொட்டு மஞ்சளாகிக் கொழகொழத்தால் தண்ணீர் தேங்கியிருக்கிறது. சுருங்கிக் காய்ந்தால் காற்று வறண்டிருக்கிறது. உப்புத் தட்டும் போர் தண்ணீரைத் தெளிக்க வேண்டாம், குடிக்கிற தண்ணீர்தான் நல்லது.

பண்ருட்டி:
கோளாறு முன்னாலேயே வைக்கோலில் தொடங்கியிருக்கலாம். மழையில் நனைந்து கறுத்த வைக்கோல் எந்த வேகவைப்பிலும் தேறாது. நல்ல வைக்கோலை 3 முதல் 5 செ.மீ. துண்டாக நறுக்கி, 4, 5 மணி நேரம் ஊறவைத்து, முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வேகவைக்க வேண்டும். பிறகு உலர்த்துவதில்தான் அவசரப்படுகிறார்கள். கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் சொட்டு விழக்கூடாது, உள்ளங்கை மட்டும் ஈரமாக வேண்டும். சொட்டினால் பைக்கு அடியில் நீர் தேங்கிப் புளித்த வாடை வரும், பச்சைப் பூசணம் பிடிக்கும். பச்சை கண்ட பையை அன்றே வெளியேற்றுங்கள்.

கத்திரி வெயிலில் வெள்ளைச் சிப்பியை வற்புறுத்தாதீர்கள். 20 முதல் 28 டிகிரிதான் அதற்குச் சுகம். இளஞ்சிவப்பு ரகம் வெயிலை அதைவிடத் தாங்கும், ஆனால் பறித்தால் சீக்கிரம் வாடும்.

பாகூர்:
முதல் பறிப்போடு படுக்கையைத் தூக்கிப் போடுகிறவர்களுக்கு: குடையின் ஓரம் மேலே மடங்கும் முன்பே கொத்தோடு திருகி எடுங்கள். தாமதித்தால் குடையிலிருந்து நுண்ணிய வித்துத்தூள் உதிர்ந்து பறந்து சிலருக்கு இருமல் வரும், முகக்கவசம் போடுங்கள். எஞ்சிய அடிக்காம்பை விட்டால் அழுகும். மேல்பரப்பை லேசாகச் சுரண்டி, தெளிப்பைத் தொடர்ந்தால் ஒரு வாரம், பத்து நாளில் அடுத்த மொட்டு. மூன்று பறிப்பு வரை எடுக்கலாம். அதன் பிறகு மண்புழு உரக் குழிக்குப் போகட்டும்.