ஒரே ஆலயத்தில் கத்தோலிக்கரும் ஆங்கிலிக்கரும்

கேள்வி: இங்கிலாந்தில் கத்தோலிக்கரும் ஆங்கிலிக்கரும் (இங்கிலாந்துத் திருச்சபையார்) சில இடங்களில் ஒரே ஆலயக் கட்டடத்தில் வழிபடுகிறார்களே, அதற்குச் சட்டப்படியான ஏற்பாடு உண்டா? கத்தோலிக்கரின் நற்கருணைப் பேழையை (அர்ச்சித்த அப்பமாகிய நற்கருணையை வைக்கும் பெட்டியை) எங்கே வைப்பார்கள்?

மறுமொழி: உண்டு. 1969ஆம் ஆண்டின் ஆலயக் கட்டடப் பகிர்வுச் சட்டத்தின்படி, கட்டடத்தின் உரிமை, செலவு, பயன்பாடு ஆகியவற்றைச் சபைகள் உடன்படிக்கையாக எழுதிக்கொள்ளலாம்.

மற்றொருவர்: கத்தோலிக்கத் தரப்பில் ஆயரின் (மறைமாவட்டத் தலைவரின்) அனுமதியும் வேண்டும். தக்க காரணம் இருந்து, விசுவாசிகளின் மனம் இடறவும் இடமில்லையெனில், பிற சபையின் ஆலயத்தில் குரு திருப்பலி (கத்தோலிக்க நற்கருணை வழிபாடு) நிறைவேற்றத் திருச்சபைச் சட்டம் 933ஆம் எண் வழிவிடுகிறது. பேழைக்குத் தனியறையோ சிற்றாலயமோ அமைக்கலாம் என்று 1993ஆம் ஆண்டின் வத்திக்கானின் கிறிஸ்தவ ஒன்றிப்பு வழிகாட்டி கூறுகிறது. ஞாயிறு காலை வேளை யாருக்கு என்பதுதான், என் கருத்தில், பெரிய சிக்கல்.

கேட்டவர்: அப்படியானால் நற்கருணையைச் சேர்ந்தே பெறலாமா?

மறுமொழி: பொதுவாக இல்லை, பீடம் ஒன்றாயினும் திருப்பலியும் ஆங்கிலிக்க ஆராதனையும் தனித்தனியாகவே நடைபெறும்.