பரண்ல இருந்து இறங்கின படை

சத்துவாச்சாரி:
வெள்ளையடிக்கப் பரணைக் காலி பண்ணப்போ பழைய பிஸ்கட் டப்பா ஒண்ணு கையில வந்துச்சு. உள்ள என் வார்ஹேமர் ஆளுங்க, அதான் மேஜையில டைஸ் உருட்டி ஆடுற போர் விளையாட்டு பொம்மைங்க, நாப்பது பேர். காலேஜ்ல படிக்கும்போது சிங்கப்பூர் சித்தப்பா வாங்கிட்டு வந்தது. 18 வருஷமாச்சு. அப்போ நான் அடிச்ச பெயின்ட்டுல ஒருத்தனுக்கும் கண்ணு மூக்கு தெரியல, அப்படி அப்பி வெச்சிருக்கேன்.

டெட்டால்ல ஊறப்போட்டா பழைய பெயின்ட் உரியும்னு படிச்சிருந்தேன். ராத்திரி போட்டேன். காலையில எடுத்து நேரா குழாய்த் தண்ணியில காட்டினேன் பாருங்க, அங்கதான் கோட்டை விட்டேன். உரிஞ்ச பெயின்ட் மொத்தமும் பலாப்பிசின் மாதிரி இழுக்குது. விரல்ல, பிரஷ்ல, வாஷ்பேசின்ல எல்லாம் ஒட்டிக்கிச்சு. டெட்டால் ஈரத்தோடவே பழைய டூத் பிரஷ்ஷால தேய்ச்சு முடிச்சிட்டுத்தான் தண்ணி படணுமாம். மறுபடி ஊறப்போட்டேன். "இன்னாடா இது, ஊடே ஆஸ்பத்திரியாட்டம் நாறுது"ன்னு அம்மா மூணு நாள் திட்டுனாங்க.

இவ்ளோ பாடுபட்டு எடுத்தா, உலகம் மாறியிருக்கு. அப்போ 25 மி.மீ. வட்ட அடித்தட்டுல நின்ன ஸ்பேஸ் மரீன் (வார்ஹேமர் சிப்பாய்) இப்போ 32-ல நிக்கிறான். புதுசா வர்றவங்க பக்கத்துல என் ஆளுங்க ஸ்கூல் பசங்க மாதிரி. புதுப் பெட்டி விலையைப் பாத்துட்டு ஃபோனைக் கீழ வெச்சிட்டேன்.

அப்பதான் தோணுச்சு, பக்கத்துலயே வேலூர்க் கோட்டை இருக்கே. 1806 ஜூலை 10, சிப்பாய்ங்க வெள்ளைக்காரனை எதிர்த்து எழுந்த நாள். 1/72 அளவு (நிஜ ஆளுல 72-ல ஒரு பங்கு) பிளாஸ்டிக் சிப்பாய்ங்க வாங்கி, தெர்மாகோல்ல மதில் வெட்டி சாப்பாட்டு மேஜையில நிறுத்தினேன். ரெண்டு பக்கமும் சிவப்புக் கோட்டுதான், தலையை வெச்சுத்தான் அடையாளம். தலைப்பாகையை எம்-சீல்ல உருட்டினேன். எந்த மாடல்னு ஒரு வாரம் குழப்பம். தொப்பி மாதிரி புதுத் தலைப்பாகை போடச் சொன்னதுலதானே சண்டையே ஆரம்பிச்சது! கடைசியில பழைய மாதிரியே வெச்சேன், அவங்க கேட்டதும் அதானே.

ஆடும்போது ஒரு பிரச்சினை. பையனுக்கும் சிப்பாய் பக்கம், மச்சானுக்கும் சிப்பாய் பக்கம். வெள்ளைக்காரனா ஆட ஆள் இல்ல, நான்தான் உக்காந்தேன். மதில் மேல வெள்ளைக்காரங்களோட 69-ஆம் ரெஜிமென்ட்ல மிச்சமிருந்தவங்க சுமார் 60 பேர், தோட்டா தீந்துபோச்சு. அதனால அவங்களுக்குச் சுடுற வாய்ப்பே கிடையாதுன்னு ரூல் போட்டேன். ஆற்காட்டுல இருந்து அவங்களைக் காப்பாத்த வந்த அதிகாரி கில்லஸ்பியோட குதிரைப்படை வர டைஸ்ல 6 விழணும். முதல் டர்ன்லயே 6. "ஆற்காட்டுல இருந்து பஸ் புடிச்சாரா மாமா?"ன்னு மச்சான் டேப்பைத் தூக்கிப் போட்டுட்டார். தையல்காரர் டேப்தான், ஆளுங்க நகர்ற இன்ச் அளக்க அதுவே போதும்.

ராணிப்பேட்டை:
டெட்டால் பரவால்லண்ணா. நான் கத்திரி வெயில்ல மொட்டைமாடியில ஸ்ப்ரே பிரைமர் (பெயின்ட்டுக்கு முன்னாடி அடிக்கிற முதல் பூச்சு) அடிச்சேன். பெயின்ட் பொம்மை மேல படறதுக்குள்ள காத்துலயே காய்ஞ்சு, ஆளுங்க மேல ரவை தூவின மாதிரி ஆயிடுச்சு. இப்போ விடியக்காலை ஆறு மணிக்கு நிழல்ல அடிக்கிறேன், டப்பாவைக் கிட்ட வெச்சு. பத்து வருஷம் கழிச்சு இந்த விளையாட்டுக்குத் திரும்ப வந்திருக்கேன், இன்னும் ஒரு ஆட்டம்கூட ஆடல. எதிர்ல உக்கார ஆளில்ல.

ஆற்காடு:
பஸ் ஜோக்குக்கு எங்க ஊர் சார்பா கண்டனம். கில்லஸ்பிக்கு முன்னாடியே எங்களுக்கு, கிளைவ் கோட்டைக்குள்ள மாட்டிக்கிட்ட 1751 முற்றுகை இருக்கு. அந்தக் கோட்டையோட டெல்லி கேட்டை அட்டையில பாதி செஞ்சு வெச்சிருக்கேன், ஆளுங்க எல்லாம் பெயின்ட் அடிக்காத சாம்பல் கலர்தான். ராணிப்பேட்டைத் தம்பி, பாலாத்தைத் தாண்டினா எங்க வீடு. ஞாயித்துக்கிழமை வாங்க. சத்துவாச்சாரி அண்ணனும் வரட்டும், அந்த டைஸ் மட்டும் வேணாம்.