யூஎஸ்பியில் செருகினால் கணினி அடையாளம் காணவில்லை: அட்மெகா 328பி பலகைக்கு உதவி தேவை

தலவாக்கலையிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் தோட்டத்து வாசிகசாலையில் சாதாரண தரப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைதோறும் இலத்திரனியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஆளுக்கொரு பலகை வாங்கிக் கொடுக்கக் கட்டுப்படியாகாது. ஆகவே வி-யூஎஸ்பி முறையில் (தனி யூஎஸ்பி சிப் இல்லாமல், நிரலாலேயே யூஎஸ்பியைக் கையாள்வது) நானே ஒன்றைச் செய்தேன்.

அட்மெகா 328பி மைக்ரோகன்ட்ரோலர் சிப், 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், யூஎஸ்பியின் தரவுக் கம்பிகளான டி பிளஸ், டி மைனஸ் இரண்டிலும் 68 ஓம் ரெசிஸ்டரும் 3.6 வோல்ட் செனரும் (மின்னழுத்தம் மிகாமல் தடுக்கும் டயோட்), டி மைனஸிலிருந்து 5 வோல்ட்டுக்கு 1.5 கிலோ ஓம். இங்குள்ள குளிரில் பலகையை அரிக்கும் பெரிக் குளோரைட் செம்பைத் தொடவே மறுத்தது. தட்டைச் சுடுநீர்ச் சட்டிக்குள் வைத்த பிறகுதான் பலகை கிடைத்தது. ஆர்டுயினோ ஊனோ பலகை வழியாக யூஎஸ்பிஆஸ்ப்லோடரை (யூஎஸ்பி வழியே நிரலேற்ற உதவும் பூட்லோடர்) ஏற்றினேன். சிப்பின் பிடி7 காலைத் தரையோடு இணைத்து, ரீசெட் அழுத்திச் செருகினால், "யூஎஸ்பி சாதனம் அடையாளம் காணப்படவில்லை" என்கிறது கணினி. மூன்று கேபிள்கள் மாற்றினேன், கிரிஸ்டலையும் மாற்றினேன். எங்கே பிழை விட்டேன்?

ஹட்டனிலிருந்து:
சிப்பின் பியூஸ் பிட்டுகளை (எந்தக் கடிகாரத்தில் ஓடுவது என்று சொல்லும் அமைப்பு) பார்த்தீர்களா? புதுச் சிப் உள்ளிருக்கும் 8 மெகாஹெர்ட்ஸை 8ஆல் வகுத்து 1 மெகாஹெர்ட்ஸில்தான் ஓடும். அந்த வேகத்தில் வி-யூஎஸ்பி வேலை செய்யாது.

தலவாக்கலையிலிருந்து:
பார்த்தேன் அண்ணா. லோ பியூஸ் எப்எப், அதாவது வெளிக் கிரிஸ்டல். சோதனைக்கு ஏற்றிய நிரலில் எல்இடி சரியாக ஒரு விநாடிக்கு ஒரு முறை மின்னுகிறது.

பண்டாரவளையிலிருந்து:
அப்படியானால் கிரிஸ்டலை விட்டுவிடுங்கள் தம்பி. சிப்பைச் சொக்கெட்டிலிருந்து கழற்றிவிட்டுச் செருகிப் பாருங்கள். அதே செய்திதான் வரும். 1.5 கிலோ ஓம் டி மைனஸை மேலே இழுத்தாலே போதும், ஏதோ செருகப்பட்டிருக்கிறது என்று கணினி நினைத்துவிடும். ஆகவே அந்தச் செய்தியை வைத்துச் சிப்பைக் குறை சொல்ல முடியாது.

உங்கள் செனர் எத்தனை வாட்? சிப் இல்லாமல் செருகியிருக்கும்போது டி மைனஸில் மீட்டர் என்ன காட்டுகிறது?

தலவாக்கலையிலிருந்து:
ஆமாம், சிப் இல்லாமலும் அதே செய்தி! டி மைனஸில் 2.4 வோல்ட். செனர் 1என்4729, ஒரு வாட். பெரியதாக இருந்தால் பாதுகாப்பு என்று கண்டியில் கேட்டு வாங்கினேன்.

பண்டாரவளையிலிருந்து:
அதுதான் காரணம். அந்த 3.6 வோல்ட், 69 மில்லியம்பியர் ஓடும்போது அளந்தது. உங்கள் சுற்றில் அதற்குக் கிடைப்பது இரண்டு மில்லியம்பியருக்கும் குறைவு. அவ்வளவு சிறிய மின்னோட்டத்தில் அது இன்னும் கீழேயே கடத்தத் தொடங்கிவிடும். யூஎஸ்பி உயர்நிலைக்கு 2.8 வோல்ட்டாவது எதிர்பார்க்கிறது. அத்தோடு ஒரு வாட் செனரின் கொள்ளளவு பெரிது. ஒரு பிட்டுக்கு 0.67 மைக்ரோ விநாடிதான் நேரம், அதற்குள் சமிக்ஞையின் விளிம்பு மழுங்கிவிடும். இந்தச் சுற்றுக்கு அரை வாட்டோ கால் வாட்டோதான் சரி. நானும் இதே செனரால் ஒரு மாதத்தைத் தொலைத்தவன், அதனால்தான் முதலில் வாட்டைக் கேட்டேன்.

புறக்கோட்டைக்குப் போகும்வரை காத்திருக்க வேண்டாம். பழைய பவர் சப்ளை ஏதாவது இருந்தால் அதிலிருந்து 1என்4007 டயோட் இரண்டைக் கழற்றி, யூஎஸ்பியின் 5 வோல்ட்டுக்கும் சிப்பின் மின்வழங்கல் காலான விசிசிக்கும் இடையே தொடராகப் போடுங்கள். அனலொக் பகுதியின் மின்வழங்கல் காலான ஏவிசிசியையும் அந்தப் பக்கத்திலேயே இணைக்க வேண்டும். சிப்புக்கு ஏறக்குறைய 3.6 வோல்ட் கிடைக்கும். 12 மெகாஹெர்ட்ஸுக்கு அது தாராளம், 16 என்றால் போதாது. இரண்டு செனர்களையும் எடுத்துவிடலாம், 68 ஓம் இருக்கட்டும். 1.5 கிலோ ஓமின் மேல் முனையைச் சிப்பின் விசிசிக்கு மாற்ற மறக்காதீர்கள். ஊனோவால் நிரலேற்றும்போது யூஎஸ்பி கேபிள் கழற்றியே இருக்க வேண்டும்.

தலவாக்கலையிலிருந்து:
பழைய ரேடியோ ஒன்றின் அடப்டரிலிருந்து டயோட்டுகளை எடுத்துப் போட்டேன். விசிசி 3.55, டி மைனஸ் 3.2. செருகியவுடன் யூஎஸ்பிஆஸ்ப் என்று பெயரோடு வந்துவிட்டது! சாடிக் என்ற மென்பொருள் மூலம் டிரைவர் போட்டேன், நிரலேற்றும் மென்பொருளான அவ்ர்டியூட் நிரலை ஏற்றிவிட்டது. மிக்க நன்றி அண்ணா.

இன்னும் ஒன்று: அடுத்த பலகைகளுக்கு டைப்-சி பொருத்தலாமா?

ஹட்டனிலிருந்து:
பொருத்தலாம். டைப்-சி சொக்கெட்டின் சிசி1, சிசி2 கால்கள் இரண்டிலிருந்தும் தனித்தனியே 5.1 கிலோ ஓம் தரைக்கு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இருபுறமும் சி உள்ள கேபிளில் மின்சாரமே வராது. எத்தனை பிள்ளைகள் தம்பி? என்னிடம் அரை வாட் செனர் கொஞ்சம் இருக்கிறது, பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன்.

தலவாக்கலையிலிருந்து:
பதினொரு பேர் அண்ணா.