‘கேட்’ என்றால் வாயில் மட்டும்தானா?

தேனிக்காரன்:
பழைய இங்கிலாந்து கால்பந்துக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அன்றைய ஆட்டத்துக்கு ‘கேட்’ 12,000 என்று இருந்தது, நானும் யோசிக்காமல் ‘12,000 வாயில்கள் கொண்ட மைதானம்’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். படித்தவர் போன் போட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அடுத்த பக்கத்தில் ஒருவர் யார்க் நகரத்து ‘ஸ்டோன்கேட்’டில் நடந்து போகிறார், அங்கே வாசலே இல்லையாம். இணையத்தில் ‘கேட்’ என்று தேடினால் கேட்டேன், கேட்டாள் எல்லாம் வருகிறது. இதற்கு எத்தனை அர்த்தம்தான் சார்?

பழைய டிக்கெட்:
முதலாவது, ஆட்டம் பார்க்க வந்த கூட்டம். எண்ணுக்கு முன்னால் பவுண்டு இருந்தால் டிக்கெட் வசூல், இல்லையென்றால் தலைக்கணக்கு.
யார்க் கதை வேறு. 866-இல் வைக்கிங்குகள் அந்த ஊரைப் பிடித்தார்கள், அவர்கள் மொழியில் ‘காட்டா’ என்றால் தெரு, ஸ்வீடனில் இன்றைக்கும் தெருவுக்கு அதுதான் சொல். அதனால் ஸ்டோன்கேட் ஒரு தெரு. கோட்டை வாசலுக்கு அங்கே பெயர் ‘பார்’, மிக்கில்கேட் பார் என்று ஒன்று இருக்கிறது, அதை மதுக்கடை என்று எழுதி வைக்காதீர்கள்.

சாலிடர்:
எங்கள் எலக்ட்ரானிக்ஸ் பக்கம், மாஸ்ஃபெட் என்கிற டிரான்சிஸ்டரில் மூன்று முனைகள்: சோர்ஸ், ட்ரெயின், நடுவில் கேட். கேட்டுக்குள் மின்னோட்டம் போகாது, கீழே மெல்லிய ஆக்சைடு அடுக்கு தடுக்கும். ஆனால் அதில் கொடுக்கிற வோல்டேஜ்தான் மற்ற இரண்டுக்கும் நடுவே பாதையைத் திறக்கும், மூடும். எனக்கு இது வாயில் இல்லை, மதகு. ஆனாலும் கேட் என்றே எழுதுங்கள்.

லெக் ஸ்பின்:
கிரிக்கெட்டில் பேட்டுக்கும் பேடுக்கும் நடுவில் விடுகிற சந்துதான் கேட். ‘சந்துக்குள் புகுந்து போல்டு’ என்றால் முடிந்தது. அப்புறம், முறைகேடு எது வந்தாலும் பின்னால் ‘கேட்’ ஒட்டுவார்களே, அது 1972 ஜூனில் அமெரிக்காவின் ஜனநாயகக் கட்சி அலுவலகத்துக்குள் ஆட்கள் புகுந்து மாட்டிக்கொண்ட வாட்டர்கேட் கட்டடத்தின் பெயரில் பாதி. தமிழில் அதற்கு ‘விவகாரம்’ போதும்.

திருச்சி பஸ்:
வெள்ளைக்காரனை விடுங்கள், நாம் மட்டும் என்னவாம்? ‘கேட் போட்டுட்டாங்க’ என்றால் ரயில் வரப்போகிறது, பைக்கைச் சாய்த்துக் கம்பிக்கு அடியில் நுழைய நாலு பேர் தயாராக நிற்பார்கள். எங்கள் நம்பர் 1 டோல்கேட் இப்போது ஒரு ஊர், ‘வீடு டோல்கேட்டில்’ என்றால் யாரும் சுங்கச்சாவடியில் குடியிருக்கிறோம் என்று நினைப்பதில்லை.

தேனிக்காரன்:
‘12,000 பேர் திரண்டனர்’ என்று திருத்திவிட்டேன், ஸ்டோன்கேட் தெரு ஆகிவிட்டது. நன்றி. நாலாம் பக்கத்தில் ‘கிஸ்ஸிங் கேட்’ வந்திருக்கிறது. சிரிக்காமல் சொல்லவும்.

பழைய டிக்கெட்:
வயல்வெளி நடைபாதையில் ஆள் மட்டும் நுழைகிற மாதிரி, மாடு போக முடியாத மாதிரி வைத்த கதவு. கதவு இரண்டு பக்கச் சட்டத்தையும் லேசாகத் தொட்டு நிற்கும், அதுதான் முத்தம். சிரித்துவிட்டேன், மன்னிக்கவும்.